போர் தண்ணி உப்பா இருந்தா வீட்டுல எதெதுக்கு என்ன செய்யணும்: மதுரைப் பக்கத்து ஆளுங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கீசரைக் கழட்டி பாத்ரூம் தரைல வச்சு, மெக்கானிக் அண்ணன் அடிப் பிளேட்டைத் திறந்தாரு. முட்டை ஓடு மாதிரி வெள்ளை வெள்ளையா சில்லு கொட்டுச்சு, அள்ளினா அரைப்படி தேறும். காயிலைப் பாத்தா மாவுல தோய்ச்ச வாழைக்காய் பஜ்ஜி கணக்கா இருக்கு. வாங்கி ரெண்டு வருஷம் கூட முழுசா ஆகல. "போர் தண்ணியா தம்பி?"ன்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு, ஆமான்னேன், அவரு சிரிச்சாரு, நான் சிரிக்கல.

நாங்க முன்னாடி சிம்மக்கல்ல வாடகைக்கு இருந்தோம், அங்க கார்ப்பரேஷன் தண்ணி. அப்புறம் நாகமலைப் பக்கம் சொந்தமா வீடு கட்டிப் போனோம், அங்க எல்லாத்துக்கும் போர்தான், நல்ல தண்ணி எப்பவாவது கொஞ்ச நேரம் குழாய்ல வரும், அதைக் குடத்துல பிடிச்சு வச்சுக்கணும். போன ஆறே மாசத்துல ஷவர்ல பாதி ஓட்டை அடைச்சிருச்சு, எவர்சில்வர் டம்ளர் எல்லாம் வெள்ளை பூத்துப் போச்சு, சோப்பு நுரைக்கவே மாட்டேங்குது, பருப்பு நாலு விசில் விட்டாலும் கல்லு மாதிரி கிடக்கு. பயந்துபோய் கண்டபடி காசு செலவழிச்சேன், அதுல பாதி வீண். அந்தத் தப்பை நீங்களும் பண்ண வேணாம்னுதான் இம்புட்டு நீளமா எழுதுறேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். வீட்டுக்கு வர்ற மொத்தத் தண்ணியையும் நல்ல தண்ணியா மாத்தணும்னு கிளம்பாதீங்க, அது காசுக்கும் கேடு தண்ணிக்கும் கேடு. உப்புத் தண்ணி நம்மள உண்மையிலேயே படுத்துறது ரெண்டே இடத்துலதான், ஒண்ணு தண்ணி சூடாகுற இடம், இன்னொண்ணு தண்ணியில சோப்பு கலக்குற இடம். காசு அங்க போனா போதும். கக்கூஸ் ஃப்ளஷ்ஷுக்கு எந்தத் தண்ணியா இருந்தா என்ன?

இது ஏன் வருதுன்னு சுருக்கமா

நம்ம ஊரைச் சுத்தி யானைமலை, நாகமலை, திருப்பரங்குன்றம்னு எங்கிட்டு பாத்தாலும் பாறை. கீழயும் பாறைதான், நம்ம போர்ல ஊறுறது பாறை இடுக்குல வருஷக்கணக்கா கிடந்த தண்ணி. வழியில சுக்கான் கல்லு, சுண்ணாம்புச் சத்து இருக்குற மண்ணு எல்லாத்தையும் தொட்டு கால்சியம், மெக்னீசியத்தைக் கரைச்சு எடுத்துட்டு வருது, இந்த ரெண்டும் எவ்வளவு இருக்குங்கிறதைத்தான் கடினத்தன்மை, ஹார்ட்னெஸ்னு சொல்றாங்க. வைகை டேம் தண்ணி அப்படி இல்ல. மேற்கு மலைல பெய்யுற மழையும், 1895ல பெரியாறு அணை கட்டி மலையைக் குடைஞ்சு இந்தப் பக்கம் திருப்பி விட்ட தண்ணியும் சேர்ந்து வர்றது, பாறைக்குள்ள ஊறிக் கிடக்க அதுக்கு நேரமே இல்ல. அதான் ஒரே ஊருக்குள்ள ஒரு தெருவுல சோப்பு நுரைக்குது, அடுத்த ஏரியால நுரைக்கவே மாட்டேங்குது.

படி 1: முதல்ல அளந்து பாருங்க

நான் பண்ணின முதல் தப்பே இங்கதான். ஆன்லைன்ல பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கி விட்டுப் பாத்தேன், 1450ன்னு காட்டுச்சு, அடேங்கப்பான்னு தலைல கைய வச்சு உக்காந்துட்டேன். ஆனா டிடிஎஸ் வேற, ஹார்ட்னெஸ் வேற. டிடிஎஸ்ங்கிறது தண்ணில கரைஞ்சிருக்குற எல்லா உப்போட மொத்தக் கணக்கு, நம்ம சமையல் உப்பும் அதுல சேர்த்தி. கீசர்ல படியுறதும் சோப்பைக் கெடுக்குறதும் கால்சியம், மெக்னீசியம் மட்டும்தான், அது எம்புட்டுன்னு மீட்டர் சொல்லாது.

கைல காசே செலவழிக்காம பாக்கணும்னா சோப்பு டெஸ்ட் இருக்கு. ஒரே மாதிரி ரெண்டு பாட்டில் எடுத்து ஒண்ணுல பாதி போர் தண்ணி, இன்னொண்ணுல பாதி கேன் தண்ணி ஊத்துங்க. சாதா குளியல் சோப்பைக் கத்தியால சீவி ரெண்டுலயும் ஒரே அளவு போட்டு நல்லா குலுக்குங்க. கேன் தண்ணி பாட்டில்ல நுரை தொப்பி மாதிரி நிக்கும், போர் தண்ணியில நுரை கம்மியா, தண்ணி பால் மாதிரி கலங்கி மேல திரிதிரியா ஆடை மிதக்கும். அந்த ஆடைதான் நம்ம வாளி ஓரத்துல, தலைமுடில, துணில ஒட்டுற சமாச்சாரம். பாத்திரம் விளக்குற லிக்விட், ஹேண்ட்வாஷ் வச்சு இந்த டெஸ்ட் பண்ணாதீங்க, அதெல்லாம் வேற ரசாயனம், உப்புத் தண்ணிலயும் ஓரளவு நுரைச்சு நம்மள ஏமாத்திரும்.

நம்பர் வேணும்னா ஹார்ட்னெஸ் டெஸ்ட் கிட் வாங்குங்க, சில நூறு ரூபாதான் வரும். தண்ணில இண்டிகேட்டர் போட்டதும் பீட்ரூட் சாறு மாதிரி சிவக்கும், அப்புறம் இன்னொரு மருந்தைச் சொட்டுச் சொட்டா விட்டு ஆட்டிக்கிட்டே போகணும், சட்டுன்னு நீலமா மாறும், அதுவரைக்கும் எத்தனை சொட்டுன்னு எண்ணிக்கணும். ஒரு சொட்டுக்கு எவ்வளவுன்னு டப்பால போட்டிருக்கும். எங்க வீட்டுல 640 வந்துச்சு. குடிதண்ணிக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500 படி ஹார்ட்னெஸ் லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும், வேற தண்ணிக்கு வழியே இல்லைன்னா 600 வரைக்கும் பரவால்ல. டிடிஎஸ்ஸுக்கு அதே கணக்கு 500, 2000.

போர் தண்ணியைக் குடிக்கவும் செய்றீங்கன்னா கிட்டோட நிறுத்தாதீங்க, குடிநீர் வடிகால் வாரியத்தோட மாவட்ட லேப்ல சாம்பிள் குடுத்து முழுசா டெஸ்ட் பண்ணிருங்க. ஃப்ளோரைடும் நைட்ரேட்டும் நாக்குக்குத் தெரியாது, நுரையிலயும் தெரியாது. ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும், ஏறிப்போனா 1.5, அதுக்கு மேல போனா பிள்ளைங்க பல்லுல கறை விழ ஆரம்பிக்கும். கொதிக்க வச்சாலும் அது போகாது.

படி 2: வீட்டுத் தண்ணியை மூணாப் பிரிங்க

ஒரு பேப்பர்ல எழுதிருங்க. குடிக்க, சமைக்க ஒரு தண்ணி. குளிக்க, துவைக்க, கீசருக்கு ரெண்டாவது தண்ணி. கக்கூஸ், வாசல் தெளிக்க, வண்டி கழுவ மூணாவது தண்ணி. மூணாவதுக்கு ஒண்ணும் பண்ண வேணாம், போர் தண்ணி அப்படியே போகட்டும்.

வீடு கட்டிக்கிட்டு இருக்குறவங்க தயவு செஞ்சு இப்பவே பிளம்பரைக் கூப்பிட்டு ஃப்ளஷ் லைனைத் தனியாப் போடச் சொல்லுங்க, மொட்டை மாடில ரெண்டு சின்டெக்ஸ் வச்சிருங்க. சுவரை மூடி டைல்ஸ் ஒட்டினதுக்கு அப்புறம் இதைச் செய்யணும்னா உடைக்கணும், நான் உடைச்சேன். ஏற்கனவே ஒரே லைனா இருந்து உடைக்க மனசு வரலைன்னா பரவால்ல, கீசருக்குப் போற லைனையும் வாஷிங் மெஷின் குழாயையும் மட்டும் பாருங்க, அதுலயே பாதித் தொல்லை தீந்துரும்.

படி 3: அடுப்படி

பருப்பு வேகாததுக்குக் கடைக்காரரை வைஞ்சுக்கிட்டு இருந்தோம், பழைய பருப்பைக் கட்டி விட்டாருன்னு. அவரு மேல தப்பில்ல. பருப்போட தோல், உள்சதை எல்லாத்தையும் ஒட்டி வச்சிருக்குற பெக்டின்ல தண்ணில இருக்குற கால்சியம் போய் உக்காந்து இறுக்கிப் பிடிச்சுக்கும், அதான் வேகாது. நல்ல தண்ணிக் குடத்துல இருந்து எடுத்து வேக வச்சா அதே பருப்பு மலர்ந்துரும். ராத்திரி ஊறப்போடுற கொண்டைக்கடலை, மொச்சைக்கும் இதே கதைதான், ஊறப்போடுறதும் நல்ல தண்ணியா இருக்கணும். சோறு லேசா மஞ்சளடிக்குதா? அதுவும் தண்ணிதான். டீ மேல எண்ணெய் மாதிரி ஒரு ஏடு மிதக்குதா, பால் கெட்டுருச்சோன்னு ஊத்திடாதீங்க, டீத்தூளும் தண்ணில இருக்குற சுண்ணாம்பும் சேர்ந்து கட்டுறது.

குடிக்கிறதுக்கு: கார்ப்பரேஷன் தண்ணி ஒழுங்கா வந்தா காய்ச்சி ஆறவச்சுக் குடிங்க, ஆர்ஓ தேவையே இல்ல. போர் தண்ணியைக் காய்ச்சினா ஹார்ட்னெஸ்ல ஒரு பகுதி வெள்ளையா அடியில தங்கும், மேலாப்புல தெளிவா வடிச்சுக்கலாம், ஆனா மிச்சப் பகுதி எவ்வளவு காய்ச்சினாலும் போகாது. அடியில நிக்கிற வெள்ளை விஷமில்ல, சுண்ணாம்புக் கல்லுதான். எங்க அம்மா படிகாரத்தையும் தேத்தாங்கொட்டையையும் விட மாட்டேங்குறாங்க, அது ரெண்டும் கலங்கல் தண்ணியைத் தெளிய வைக்கும், கரைஞ்ச உப்பை எடுக்காது.

எங்க அளவு டிடிஎஸ் இருந்தா அடுப்படிக்கு மட்டும் ஒரு சின்ன ஆர்ஓ நியாயம். அது ஒரு லிட்டர் குடுக்க ரெண்டு மூணு லிட்டர் வெளிய தள்ளும், அந்தக் குழாயை ஒரு வாளில விட்டு வீடு துடைக்க, ஃப்ளஷ் ஊத்த வச்சுக்கங்க. செடிக்கு ஊத்தாதீங்க, ஏற்கனவே உப்பு, அதுலயும் இறுகின உப்பு, எங்க வீட்டுக் கறிவேப்பிலை இலை நுனியெல்லாம் கருகின பிறகுதான் எனக்கே உறைச்சுச்சு.

கிட்னில கல்லு வந்துரும்னு எல்லாரும் பயமுறுத்துவாங்க. கடினத் தண்ணி குடிச்சதாலதான் கல்லு வருதுன்னு உறுதியா நிரூபணமாகல, கத்திரி வெயில்ல வேர்வையா ஊத்தி தண்ணியே சரியாக் குடிக்காம இருக்குறதுதான் பெரிய காரணம். ஏற்கனவே கல்லு வந்தவங்க டாக்டர் சொல்றபடி கேளுங்க.

படி 4: கீசர், இதுதான் முக்கியம்

தண்ணி சூடாக ஆகத்தான் சுண்ணாம்பு பிரிஞ்சு படியுது, அதுவும் நேரா காயில் மேல. அந்த ஓடு சூட்டைத் தண்ணிக்குப் போக விடாது, காயில் உள்ளுக்குள்ளயே காஞ்சு ஒருநாள் போயிரும், அதுவரைக்கும் கரண்ட் பில்லு ஏறிக்கிட்டே இருக்கும். கீசர் பழுதாகி ஒழுகுறதுக்கு முன்னாடி அதுவே சைகை காட்டும், சூடாக முன்னைவிட நேரம் எடுக்கும், உள்ள கடகடன்னு, சோளம் பொரியுற மாதிரி சத்தம் வரும்.

செய்ய வேண்டியது: தெர்மோஸ்டாட்டை 50, 55க்கு மேல வைக்காதீங்க. 70ல வச்சுட்டு பச்சைத் தண்ணியைக் கலந்து குளிக்கிறதுல எந்தப் பிரயோஜனமும் இல்ல, படிவுதான் கூடும். ஹார்ட்னெஸ் 300க்கு மேல இருந்தா ஆறு மாசத்துக்கு ஒருக்கா திறந்து சுத்தம் பண்ணச் சொல்லுங்க. அப்போ ஆனோடு ராடுன்னு ஒண்ணு உள்ள இருக்கும், மெக்னீசியத்துல செஞ்சது, டேங்க் துருப்பிடிக்காம இருக்கத் தன்னைத்தானே கரைச்சுக்கும், அது பென்சில் மாதிரி மெலிஞ்சிருந்தா மாத்திருங்க, நிறைய பேரு அதைக் கண்டுக்கவே மாட்டாங்க, டேங்க் ஒழுகினதும் கம்பெனியைத் திட்டுவாங்க.

வாளில போடுற ஹீட்டர் ராடா? அது ஈசி, வீட்டுலயே பண்ணிரலாம். பிளக்கைப் பிடுங்கி நல்லா ஆறினதும், ஒரு பிளாஸ்டிக் வாளில லிட்டருக்கு ரெண்டு ஸ்பூன் கணக்குல எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், பலசரக்குக் கடைலயே கிடைக்கும், கரைச்சு கம்பிப் பகுதியை மட்டும் அதுல முக்கி வைங்க. பன்னீர் சோடா பாட்டிலை உடைச்ச மாதிரி சுர்ருன்னு குமிழ் கிளம்பும், ஒரு மணி நேரத்துல பாதி ஓடு தானா உதிர்ந்துரும். மிச்சத்தைத் தேங்கா நார் வச்சுத் தேய்ங்க. கத்தி, ஸ்க்ரூடிரைவர் வச்சுச் சுரண்டாதீங்க, கீறல் விழுந்தா அந்த இடத்துலதான் அடுத்து ஓட்டை விழும். கெட்டிலுக்கும் இதே மருந்துதான், தண்ணியோட ஒரு கொதி விட்டு அரைமணி நேரம் விட்டுட்டு ரெண்டு தடவை அலசுனா போதும்.

படி 5: குளியலும் துணியும்

தலைமுடி சணல் மாதிரி ஆகுதுன்னு என் வீட்டுக்காரம்மா ஷாம்பு மாத்தி மாத்தி வாங்கினதுல ஒரு அலமாரி நிறைஞ்சிருச்சு. கடைசில ஒர்க் ஆனது ரெண்டு விஷயம். குளிச்சு முடிச்சதும் கடைசி ரெண்டு சொம்பு மட்டும் நல்ல தண்ணியைத் தலைல ஊத்துறது, இன்னொண்ணு அப்பத்தா காலத்துச் சீயக்காய். சோப்பு கால்சியத்தோட சேர்ந்தா ஆடை கட்டும், சீயக்காய் நுரை வேற வகை, அது அப்படிக் கட்டாது. இந்த ஊர்ல கிணத்துத் தண்ணிலயே காலம் தள்ளினவங்க சும்மாவா அதை வச்சிருந்தாங்க.

துணிக்கு சலவை சோடா. 20 லிட்டர் வாளிக்கு, எங்க 640 ஹார்ட்னெஸ்ஸுக்கு கணக்குப் போட்டா 14 கிராம் வருது, ஒரு டேபிள் ஸ்பூன்னு வச்சுக்கங்க. அதை முதல்ல தண்ணில கரைச்சுப் பத்து நிமிஷம் விட்டுட்டு அப்புறம் சோப்புத்தூள் போடுங்க, தூள் பாதி மிச்சமாகும். பட்டு, கம்பளிக்கு வேணாம், கையும் எரியும். வாஷிங் மெஷின்ல மாசம் ஒருக்கா, துணி போடாம, 100 கிராம் எலுமிச்சை உப்பை டிரம்ல கொட்டி சூடான தண்ணி சைக்கிள் ஓட்டுங்க.

படி 6: சாஃப்ட்னர் வாங்கலாமா

ஹார்ட்னெஸ் 300க்குள்ள இருந்தா மேல சொன்னதே போதும், வாங்காதீங்க. எங்கள மாதிரி 600 தாண்டினா ரெண்டாவது தண்ணி லைனுக்கு மட்டும் ஒண்ணு வச்சுக்கலாம். உள்ள ஜவ்வரிசியை விடப் பொடியா ரெசின் மணி இருக்கும், அது கால்சியத்தைப் பிடிச்சுக்கிட்டு சோடியத்தை விடும். ரெசின் நிறைஞ்சதும் உப்புத் தண்ணி விட்டுக் கழுவினா திரும்பப் பழையபடி வேலை செய்யும்.

கடைக்காரர் சொல்ற அளவை நம்பாம நீங்களே கணக்குப் போடுங்க. ஒரு லிட்டர் ரெசின் தோராயமா 50 கிராம் ஹார்ட்னெஸ்ஸைப் பிடிக்கும். 25 லிட்டர் ரெசின்னா 1250 கிராம். எங்க தண்ணில லிட்டருக்கு 0.64 கிராம், வகுத்தா ஏறக்குறைய 1950 லிட்டர். நாலு பேரு குளிச்சுத் துவைக்க எங்களுக்கு நாளைக்கு 350 லிட்டர், ஆக அஞ்சு நாளைக்கு ஒருக்கா கழுவணும், ஒவ்வொரு தடவையும் 4 கிலோ உப்பு, மாசம் ஒரு 25 கிலோ மூட்டை. இந்த மூட்டைச் செலவை யாரும் முன்னாடி சொல்ல மாட்டாங்க. தூத்துக்குடிக் கல்லுப்பு போதும், ஆனா கரைச்சுத் துணில வடிகட்டி ஊத்துங்க, மண்ணு போனா ரெசின் கெட்டுரும். தண்ணி செம்மண் கலரா கறை விட்டுச்சுன்னா அது இரும்பு, அதுக்குத் தனி ஃபில்டர் முன்னாடி வைக்காம சாஃப்ட்னர் வச்சா ரெசின் சீக்கிரம் பாழாகும்.

ரெண்டு எச்சரிக்கை. சாஃப்ட்னர் தண்ணியைக் குடிக்க, சமைக்க வச்சுக்காதீங்க, எங்க வீட்டுக் கணக்குல லிட்டருக்கு 290 மில்லிகிராம் சோடியம் கூடுதலாச் சேருது, பிரஷர் இருக்குறவங்களுக்கு ஆகாது. கழுவின உப்புத் தண்ணியைத் தோட்டத்துலயோ போர் பக்கத்துக் குழிலயோ விடாதீங்க, நம்ம போரை நாமளே கெடுத்துக்கிற வேலை அது. இன்னொண்ணு, சாஃப்ட்னர் வச்ச பிறகு டிடிஎஸ் மீட்டர் விட்டுப் பாத்து குறையலையேன்னு சண்டைக்குப் போகாதீங்க, குறையாது, ஹார்ட்னெஸ் கிட்ல பாருங்க.

சேல்ஸ்மேன் வித்தை

வீட்டுக்கு ஒருத்தர் வந்தாரு, டை எல்லாம் கட்டி. ரெண்டு டம்ளர், ஒண்ணுல நம்ம தண்ணி, ஒண்ணுல அவரு கொண்டாந்த ஆர்ஓ தண்ணி, ஒரு மிஷினோட கம்பிகளை ரெண்டுலயும் முக்கி கரண்ட் குடுத்தாரு. நம்ம டம்ளர் ஒரு நிமிஷத்துல சாக்கடை மாதிரி பழுப்பாயி நுரை தள்ளிருச்சு, அவரு டம்ளர் பளிங்கு மாதிரி. "இதைத்தான் சார் உங்க பிள்ளைங்க குடிக்குது"ன்னாரு. எனக்கு வயித்தக் கலக்கிருச்சு. எங்க அம்மா அடுப்படில இருந்து வந்து ஒரு சிட்டிகை உப்பை அவரு டம்ளர்ல போட்டு, "இப்ப போடுங்க தம்பி"ன்னாங்க. அதுவும் பழுப்பாச்சு. கம்பி இரும்பு, உப்பு இருந்தா கரண்ட் பாயும், கம்பி அரிச்சுத் துரு கரையும், அம்புட்டுத்தான் விஷயம். அவரு மோர் குடிச்சுட்டுக் கிளம்பிட்டாரு. பைப்புல காந்தம் மாட்டினா உப்பு போயிரும்னு வர்றவங்களுக்கும் மோர் மட்டும் குடுத்து அனுப்புங்க, காந்தம் தண்ணில இருந்து கால்சியத்தை எடுக்காது.

படி 7: குழாய், டைல்ஸ், மத்த சில்லறை

ஷவர் தலைப்பைக் கழட்ட வேணாம், ஒரு பிளாஸ்டிக் பைல வினிகர் ஊத்தி அது முங்குற மாதிரி ரப்பர் பேண்டு போட்டு ராத்திரி பூரா விட்டுருங்க. குழாய் வாயில இருக்குற வலையைத் திருகிக் கழட்டி அதையும் ஊறப்போடுங்க. பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்க்கிறோமே, அதே புளிப்புச் சங்கதிதான் எல்லாம். ஆனா கடப்பா கல்லு, மார்பிள் மேல எந்தப் புளிப்பும் படக்கூடாது, அந்தக் கல்லே சுண்ணாம்புதான், அரிச்சு மொத்தமாப் பாலிஷ் போயிரும். டைல்ஸ் ஆசிட் ஊத்தினா குழாய் பளபளப்பு உரிஞ்சுரும், அதையும் பிளீச்சிங் பவுடரையும் எக்காரணம் கொண்டும் சேர்க்காதீங்க, குளோரின் வாயு வரும், மூச்சு முட்டி உயிருக்கே ஆபத்து.

இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் ஸ்டீம் அயர்ன் பாக்ஸுக்கும் போர் தண்ணி கூடாது. ஏர் கூலர்ல வாரம் ஒருக்கா பழைய தண்ணியைக் கொட்டிட்டு மாத்துங்க, தண்ணி ஆவியாகும், உப்பு ஆகாது.

படி 8: மழை

மழைத் தண்ணில ஹார்ட்னெஸ் இல்லைன்னே சொல்லலாம். 1000 சதுரடி மாடில 10 மில்லிமீட்டர் பெஞ்சா 900 லிட்டருக்கு மேல, அதைச் சாக்கடைல விடுறோம். முதல் பத்து நிமிஷத் தண்ணியை வெளிய விட்டுட்டு, பிறகு டிரம்ல பிடிச்சு மூடி வைங்க, துணிக்கும் தலைக்கும் அதைவிட நல்ல தண்ணி கிடையாது. டிரம் நிறைஞ்ச பிறகு வர்றதை ஜல்லி, மணல் போட்ட குழி வழியா நிலத்துக்குள்ள விடுங்க, 2003ல எல்லாரும் அவசர அவசரமா கட்டின மழைநீர் தொட்டில முக்காவாசி இப்ப மண்ணு அடைச்சுக் கிடக்கு, ஐப்பசிக்கு முன்னாடி ஒரு ஆளை விட்டுத் தூர் வாரிருங்க.

நாங்க போன வருஷம் தூர் வாரினோம். மழை முடிஞ்சு தை மாசம் கிட்டை எடுத்துச் சொட்டு எண்ணினப்போ 520. அன்னைக்கு இருந்து சாஃப்ட்னர் கழுவுறது ஆறு நாளைக்கு ஒருக்கா.